பாதி எழுதிய பிளாக்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பிளாக்செயினில் ஒரு பிளாக் வந்து சேரும்போது நோடு (சங்கிலியின் பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்க்கும் ப்ரோக்ராம்) ஒரே வேலையைச் செய்வதுபோல்தான் வெளியிலிருந்து தெரியும். உள்ளே பார்த்தால் ஆறு இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்: பிளாக்கின் தலைப்பு, அதன் உடல், உயரத்தை (சங்கிலியில் எத்தனையாவது பிளாக்) கொடுத்தால் ஹாஷைச் (பிளாக்கின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம்) சொல்லும் டேபிள், பரிவர்த்தனைகளைத் தேடும் டேபிள், கணக்கு இருப்புகள், கடைசியாக இப்போது சங்கிலியின் நுனி எந்த பிளாக் என்று சொல்லும் ஒற்றை வரி. மூன்றாவதை எழுதி முடித்து நான்காவதைத் தொடங்கும் முன் ப்ராசஸ் செத்தால் டிஸ்க்கில் என்ன மிஞ்சும்? கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குப் பதில் யோசிக்காததால் வந்தவை.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். ஒருவர் இன்னொருவருக்குக் காயின் அனுப்புவதும் டிரான்ஸாக்ஷன், டேட்டாபேஸில் பிகின் போட்டுத் தொடங்கி, எழுதியதையெல்லாம் ஒன்றாக நிலைநிறுத்த கமிட் அடிப்பதும் டிரான்ஸாக்ஷன். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டு, கோட் ரிவ்யூவில் அரை மணி நேரம் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இங்கே சங்கிலியில் உள்ளது பரிவர்த்தனை, டேட்டாபேஸில் உள்ளது டிரான்ஸாக்ஷன்.

எதையும் தொடும் முன் நோடை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை முழுசாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் எஸ்கியூலைட் என்றால் பக்கத்திலேயே இருக்கும் டபிள்யூஏஎல் ஃபைலையும் (புது கமிட்டுகள் முதலில் போய் விழும் துணை ஃபைல்) சேர்த்து எடுக்க வேண்டும். மெயின் ஃபைலை மட்டும் எடுத்தால், கமிட் ஆகியும் இன்னும் அதற்குள் போய்ச் சேராத பிளாக்குகள் காப்பியில் இருக்காது, அப்புறம் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: க்ராஷ் ஆகி எழுந்ததும் நுனியும் பிளாக்கும் ஒத்துப்போகவில்லை

இதில் இரண்டு வகை. நுனி 1204 என்கிறது, 1204-ஐக் கேட்டால் இல்லை என்று வருகிறது. நுனியை முன்னால் எழுதிவிட்டு உடலைப் பின்னால் எழுதியிருக்கிறீர்கள், நடுவில் செத்திருக்கிறது, அவ்வளவுதான். இதை உடனே கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் நோடு எழும்போதே கத்தும்.

மற்ற வகைதான் ஆளை ஏமாற்றும். பிளாக் 1204 டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, நுனி மட்டும் 1203-லேயே நிற்கிறது. பக்கத்து நோடுகள் 1204-ஐத் திரும்பத் திரும்ப அனுப்ப, நம் நோடு "இது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதே" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுகிறது. சிங்க் (மற்ற நோடுகளிடமிருந்து சங்கிலியைப் பெறுவது) அப்படியே நின்றுபோகும், லாக்கில் பிழை என்று ஒரு வரிகூட இருக்காது. நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று பியர் (பக்கத்து நோடு) கனெக்ஷனையெல்லாம் தோண்டிப் பார்த்து இரண்டு நாள் போன பிறகுதான் எனக்கே விளங்கியது.

நுனி வரியை ஒரு சாட்சிக் கையெழுத்தாக நினைத்துக்கொள்ளுங்கள். "இதுவரை உள்ள எல்லாம் முழுசாக எழுதியாயிற்று" என்று அது சொல்கிறது. எதற்குச் சாட்சி சொல்கிறதோ அந்தத் தரவும் கையெழுத்தும் ஒரே கமிட்டில் போக வேண்டும். பிகின், தலைப்பு, உடல், டேபிள்கள், இருப்புகள், நுனி, கமிட். நடுவில் எங்கே செத்தாலும் 1203-க்கே திரும்பிப் போவோம், 1204 மறுபடி வரும், மறுபடி எழுதுவோம்.

கூடவே இன்னொரு திருத்தமும் வேண்டும். "பிளாக் டிஸ்க்கில் இருக்கிறது" என்பதும் "பிளாக் சங்கிலியில் சேர்ந்துவிட்டது" என்பதும் ஒன்றல்ல. கிளையில் வந்த பிளாக், தாய் பிளாக் வராமல் காத்திருக்கும் பிளாக் எல்லாம் டிஸ்க்கில் இருக்கும், சங்கிலியில் இருக்காது. இரண்டுக்கும் தனித்தனி நிலை வையுங்கள், மறுப்பதற்கான சோதனை இரண்டாவதைப் பார்க்கட்டும்.

சரி, உடலை டேட்டாபேஸில் வைக்காமல் ஃபைலில் வைத்திருந்தால்? பிட்காயின் கோர் அப்படித்தான் செய்கிறது: பிளாக்குகள் 128 மெபிபைட் வரை வளரும் வெறும் ஃபைல்களில், அட்டவணையும் செலவழிக்காத வெளியீடுகளும் (இன்னும் செலவாகாத காயின்களின் பட்டியல்) லெவல்டிபி என்ற டேட்டாபேஸில். டேட்டாபேஸ் ரோல்பேக் ஆகும்போது (கமிட் ஆகாததை விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும்போது) ஃபைல் ரோல்பேக் ஆகாது, அதனால் வரிசை முக்கியம். ஃபைலில் எழுது, எஃப்சிங்க் செய் (எழுதியது உண்மையாகவே டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திரு), அதன் பிறகு மட்டும் "இந்த ஃபைலில் இந்த இடத்தில் இருக்கிறது" என்ற வரியை டேட்டாபேஸில் கமிட் செய். நடுவில் செத்தால் ஃபைலின் வாலில் யாருக்கும் வேண்டாத சில பைட்டுகள் கிடக்கும், கிடந்துவிட்டுப் போகட்டும். வரிசையை மாற்றினால் டேட்டாபேஸ் காட்டும் இடத்தில் குப்பை இருக்கும்.

ஏற்கெனவே உடைந்துபோன டேட்டாபேஸை என்ன செய்வது? பிளாக்குகளின் உடல்கள் நன்றாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இருப்புகளும் டேபிள்களும் அவற்றிலிருந்து கணக்கிட்டு எடுத்தவைதான். அவற்றை அழித்துவிட்டு முதல் பிளாக்கிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பிட்காயின் கோரில் இதற்கென்றே ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. நேரம் பிடிக்கும். ஆனால் நுனி வரியைக் கையால் திருத்தி ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வரும் பாருங்கள், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். 1204-இன் இருப்பு மாற்றங்களில் பாதி ஏறியிருந்தால் மறுபடி ஓட்டும்போது அந்தப் பாதி இரண்டு முறை ஏறும்.

அறிகுறி: டிரான்ஸாக்ஷன் போட்டாயிற்று, இருந்தும் பாதிதான் எழுதுகிறது

பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றுதான். டிரான்ஸாக்ஷனைத் திறந்திருப்பீர்கள், ஆனால் உள்ளே கூப்பிடும் ஃபங்ஷன்களில் ஏதோ ஒன்று அந்த டிரான்ஸாக்ஷனின் ஹேண்டிலை (அதைச் சுட்டும் பிடியை) வாங்காமல் பொதுவான கனெக்ஷனை எடுத்து எழுதிக்கொண்டிருக்கும். அந்த எழுத்து டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே தனியாக கமிட் ஆகிவிடும், ரோல்பேக் அதைத் தொடாது. அதே டேட்டாபேஸ் ஒரே ஒரு எழுத்தாளரை மட்டும் அனுமதிப்பதாக இருந்தால் இன்னும் வேடிக்கை: வெளி டிரான்ஸாக்ஷன் பூட்டைப் பிடித்துக்கொண்டு உள் ஃபங்ஷனுக்காகக் காத்திருக்கும், உள் ஃபங்ஷன் பூட்டுக்காகக் காத்திருக்கும், நோடு உறைந்துபோகும். உறைந்தால் அதிர்ஷ்டம் என்பேன், தவறு உடனே தெரிந்துவிடுகிறதே.

தேடுவது எளிது. பொதுக் கனெக்ஷன் வேரியபிளின் பெயரை மாற்றிவிட்டு கம்பைல் செய்யுங்கள், கம்பைலர் கத்தும் ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியது. நிரந்தரத் தீர்வு, எழுதும் ஃபங்ஷன் ஒவ்வொன்றும் டிரான்ஸாக்ஷன் ஹேண்டிலைக் கட்டாய அளபுருவாக வாங்குவதுதான். இல்லாவிட்டால் எழுதவே முடியாது என்ற நிலை வரட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் இதோடு அவெய்ட் விட்டுப்போன இடத்தையும் தேட வேண்டும். எழுத்து முடியும் முன்பே கமிட் ஓடிவிடும், அந்த எழுத்து பிறகு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

மைஎஸ்கியூஎல் என்றால் டேபிள் எந்த எஞ்சினில் இருக்கிறது என்று பாருங்கள். மைஐசாமில் டிரான்ஸாக்ஷனே கிடையாது, ரோல்பேக் சொன்னாலும் டேபிள் அசையாது. 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் இயல்பு, ஆனால் பழைய டம்ப்பிலிருந்து ஏற்றிய டேபிள் ஒன்று மட்டும் பழைய எஞ்சினிலேயே தங்கியிருக்கலாம். அப்புறம், அதே மைஎஸ்கியூஎல்லில் டிரான்ஸாக்ஷன் நடுவே டேபிள் உருவாக்கினாலோ மாற்றினாலோ அதுவரை எழுதியது எல்லாம் கேட்காமலேயே கமிட் ஆகிவிடும். மாதத்துக்கு ஒரு டேபிள் என்று பிளாக் வரும்போது உருவாக்கிக்கொள்ளும் கோடை எழுதியவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

லெவல்டிபி, ராக்ஸ்டிபி வைத்திருப்பவர்களுக்கு பிகின் கமிட்டுக்குப் பதில் ரைட்பேட்ச். ஒரு பேட்ச் முழுசாக ஏறும் அல்லது ஏறவே ஏறாது. ராக்ஸ்டிபியில் பல "காலம் ஃபேமிலி"களை (ஒரே டேட்டாபேஸுக்குள் உள்ள தனிப் பிரிவுகள்) தொடும் ஒரே பேட்ச்சும் அப்படித்தான். ஆனால் பிளாக்குக்கு ஒரு டேட்டாபேஸ், இருப்புக்கு இன்னொரு டேட்டாபேஸ் என்று இரண்டு ஃபோல்டரில் தனித்தனியாகத் திறந்து வைத்திருந்தால், இரண்டையும் சேர்த்துக் கட்டும் பேட்ச் கிடையாது. ஒரே டேட்டாபேஸாக்கி, சாவிக்கு முன்னெழுத்தோ காலம் ஃபேமிலியோ வைத்துப் பிரியுங்கள். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மேலே ஃபைலுக்குச் சொன்ன வரிசைதான் கதி: நுனி இருக்கும் டேட்டாபேஸ் கடைசியில், மற்றதில் எழுதுவதெல்லாம் இரண்டு முறை எழுதினாலும் ஒரே பலன் தரும்படி.

அறிகுறி: டேட்டாபேஸில் சரியாக இருக்கிறது, நோடு தப்பாகப் பதில் சொல்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது

கேஷ், அதாவது வேகத்துக்காக மெமரியில் வைத்திருக்கும் நகல். ரோல்பேக் டிஸ்க்கை மட்டும் திருப்பும், மெமரியில் நீங்கள் மாற்றிய மேப்பைத் திருப்பாது. டிரான்ஸாக்ஷன் ஓடும்போது மாற்றங்களைத் தனி மேப் ஒன்றில் சேர்த்து வைத்து, கமிட் வெற்றி என்று தெரிந்தபின் பொதுக் கேஷில் ஊற்றுங்கள். தோற்றால் அந்தத் தனி மேப்பைத் தூக்கிப் போட்டால் போதும்.

பக்கத்து நோடுகளுக்கு "புது பிளாக்" என்று அறிவிப்பதும், வெப்சாக்கெட்டில் வாலட்டுக்குச் செய்தி அனுப்புவதும், மெம்பூலிலிருந்து (பிளாக்கில் சேரக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் தொகுப்பு) பரிவர்த்தனைகளை நீக்குவதும் இதே கணக்கில்தான் வரும். எல்லாம் கமிட்டுக்குப் பிறகு. கமிட் ஆகி, அறிவிப்பு போகும் முன் செத்தால் அறிவிப்பு தொலையுமே என்று கேட்டால், நோடுகளுக்கிடையே அது பரவாயில்லை, எழுந்ததும் மறுபடி நுனியைச் சொல்லிக்கொள்வார்கள். பணம் வந்தது என்று கடைக்காரருக்குப் போகும் செய்தி என்றால் அப்படி விட முடியாது: அனுப்ப வேண்டிய செய்தியையே ஒரு டேபிளில் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் எழுதி, தனியாக ஒரு வேலையாள் அதைப் படித்து அனுப்பட்டும். அப்போது ஒரே செய்தி இரண்டு முறை போகக்கூடும், வாங்குபவர் அடையாள எண்ணை வைத்து விலக்கிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்"

எஸ்கியூலைட்காரர்களின் நித்திய கண்டம். 3.7.0 பதிப்பில், 2010-இல் வந்த டபிள்யூஏஎல் முறையில் படிப்பவர்கள் எழுதுபவரைத் தடுக்க மாட்டார்கள், ஆனால் எழுதுபவர் அப்போதும் ஒரே ஒருவர்தான். பிஸி டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம்) ஐந்து விநாடி வைத்தும் உடனே பிழை வருகிறதென்றால், டிரான்ஸாக்ஷனை வெறும் பிகின் என்று திறந்து, முதலில் நுனியைப் படித்து, பிறகு எழுதப் போகிறீர்கள். படித்ததற்கும் எழுதப் போவதற்கும் நடுவில் வேறொருவர் எழுதியிருந்தால் உங்கள் பார்வை பழசாகிவிட்டது, எவ்வளவு காத்திருந்தாலும் புதுசாகாது, அதனால் எஸ்கியூலைட் காத்திருக்காமலே மறுக்கிறது. எழுதப் போகும் டிரான்ஸாக்ஷனை பிகின் இம்மீடியட் என்று திறந்தால் முதல் அடியிலேயே பூட்டு கிடைக்கும், அல்லது டைம்அவுட் வரை காத்திருக்கும்.

கையெழுத்துச் சரிபார்ப்பு, நெட்வொர்க்கில் தாய் பிளாக்கைக் கேட்பது போன்ற மெதுவான வேலைகளை டிரான்ஸாக்ஷனுக்குள் வைக்காதீர்கள். சரிபார்த்து முடித்துவிட்டு உள்ளே போங்கள், போனதும் நுனி மாறவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எல்எம்டிபியிலும் (மொனேரோ நோடு பயன்படுத்துவது இதைத்தான்) எழுதுபவர் ஒருவரே. அங்கே வரும் தொல்லை வேறு: ஒரு வாசிப்பு டிரான்ஸாக்ஷனைத் திறந்து மூட மறந்தால், அது பார்த்துக்கொண்டிருக்கும் பழைய பக்கங்களை மறுபடி பயன்படுத்த முடியாமல் ஃபைல் ஊதிக்கொண்டே போய், கடைசியில் மேப் (இங்கே டேட்டாபேஸுக்கு முன்கூட்டியே வைத்த அளவு எல்லை) நிறைந்துவிட்டது என்று வரும். மேப் அளவைக் கூட்டும் முன் மூடாத வாசிப்பைத் தேடுங்கள்.

அறிகுறி: போஸ்ட்கிரெஸில் "கரண்ட் டிரான்ஸாக்ஷன் இஸ் அபார்ட்டட்"

இது காரணம் இல்லை, பின்விளைவு. லாக்கில் இதற்கு மேலே உள்ள முதல் பிழையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பிளாக்கை இரண்டு பியர்கள் ஒரே நேரத்தில் கொடுத்து, இரண்டாவது இன்சர்ட் யூனிக் கட்டுப்பாட்டில் இடித்திருக்கும், நீங்கள் அந்தப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரி தோற்றால் ரோல்பேக் வரை மொத்த டிரான்ஸாக்ஷனும் செத்ததுதான். ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போடுங்கள், அல்லது அந்த வரிக்கு முன் சேவ்பாயின்ட் வையுங்கள், தோற்றால் அந்த இடம் வரை மட்டும் திரும்பலாம். 40001 என்ற குறியீட்டோடு (ஒரே நேரத்தில் ஓடிய டிரான்ஸாக்ஷன்கள் மோதிக்கொண்டன என்று பொருள்) தோற்றால் டிரான்ஸாக்ஷனை முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள், கடைசி வரியை மட்டும் அல்ல.

அறிகுறி: ரீஆர்க் வந்த பிறகு இருப்புகள் கூட்டிப் பார்த்தால் சரியாக வரவில்லை

ரீஆர்க் என்றால் நாம் இருந்த கிளையை விட்டு, வென்ற கிளைக்கு மாறுவது. சங்கிலி 100-இல் பிரிந்து, நாம் 101, 102 என்ற கிளையில் இருக்கிறோம், 103 வரை உள்ள இன்னொரு கிளை வென்றுவிட்டது. பழைய இரண்டையும் கழற்றி, புது மூன்றையும் மாட்ட வேண்டும். கழற்றும்போது "என்ன மாறியது" என்று தெரிந்தால் போதாது, மாறுவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பிளாக்கை மாட்டும்போதே அந்தப் பழைய மதிப்புகளை மீட்புத் தரவாக அதே டிரான்ஸாக்ஷனில் எழுதி வைக்க வேண்டும், பிட்காயின் கோரின் ரெவ் ஃபைல்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. மீட்புத் தரவு இல்லாமல் கழற்ற முயன்ற கோடில்தான் இருப்பு வழுக்கும்.

மொத்த ரீஆர்க்கையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் போடுவதா, பிளாக்குக்கு ஒன்றாகப் போடுவதா? ஒரே டிரான்ஸாக்ஷன் அழகாகத் தெரியும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நுனி நேராக 102-லிருந்து புது 103-க்குத் தாவும். ஆழம் கூடினால் டிரான்ஸாக்ஷனும் பெருத்து, எந்த எல்லையில் இடிக்கும் என்று தெரியாது. நான் பிளாக்குக்கு ஒன்று என்ற கட்சி: 102-ஐக் கழற்றி நுனி 101, கமிட். 101-ஐக் கழற்றி நுனி 100, கமிட். பிறகு மேலே ஏறு. நடுவில் செத்தாலும் நிற்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு உண்மையான, முழுமையான சங்கிலி, எழுந்ததும் சிறந்த கிளையை நோக்கி மறுபடி நடக்க ஆரம்பித்தால் போதும். விலை என்னவென்றால் அந்தச் சில நொடிகளில் கேட்பவர்களுக்கு நுனி பின்வாங்கியதுபோல் தெரியும், ஏபிஐ வைத்திருப்பவர்கள் அதை மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நோடு எழுதாமல், சங்கிலியைப் படித்து போஸ்ட்கிரெஸில் சேர்க்கும் இண்டெக்ஸர் மட்டும் எழுதுபவர்களும் இதே குழியில் விழுகிறார்கள், "கடைசியாகப் படித்தது 102" என்று எண்ணை மட்டும் வைத்திருப்பதால். எது 102? ஹாஷையும் சேர்த்து வையுங்கள். அடுத்த பிளாக்கின் தாய் ஹாஷ் ஒத்துப்போகாவிட்டால் பின்னால் போங்கள். எல்லா டேபிளும் பிளாக் ஹாஷை ஃபாரின் கீயாக (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் சாவி) வைத்து டெலீட் கேஸ்கேட் (அந்த வரி அழிந்தால் சுட்டுவதும் அழியும்) கொடுத்திருந்தால் கழற்றுவது ஒரே வரி. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ இயல்பாக அணைந்திருக்கும், கனெக்ஷன் திறக்கும்போதெல்லாம் ஏற்ற வேண்டும்.

அறிகுறி: எல்லோரும் ஏற்ற பிளாக்கை நம் நோடு மட்டும் செல்லாது என்கிறது

இதுதான் ஆபத்தானது. டிரான்ஸாக்ஷன் தோற்றதும் கோட் என்ன செய்கிறது என்று பாருங்கள். டிஸ்க் நிறைந்தாலும், பூட்டு கிடைக்காவிட்டாலும், கையெழுத்து தப்பானாலும் ஒரே கேட்ச்சில் விழுந்து "பிளாக் செல்லாது" என்று குறித்துவிட்டால், நம் டிஸ்க்கின் கஷ்டம் சங்கிலியின் விதியாகிவிடும்.

கற்பனை இல்லை. 2013 மார்ச்சில் பிட்காயினில் 225,430-ஆவது பிளாக் வந்தபோது, லெவல்டிபிக்கு மாறியிருந்த 0.8 பதிப்பு அதை ஏற்றது, பெர்க்லி டிபியில் ஓடிய பழைய நோடுகளில் பல மறுத்தன. பிளாக்கில் தவறில்லை, அதன் உள்ளீடுகள் அதிகம், டேட்டாபேஸுக்கு வைத்திருந்த பூட்டுகளின் எண்ணிக்கை போதவில்லை. எத்தனை பூட்டு தேவைப்படும் என்பதும் நோடுக்கு நோடு மாறியது. சங்கிலி இரண்டாகப் பிரிந்து, மைனர்கள் 0.7-க்கு இறங்கிவந்து, 0.8 கிளையைக் கைவிட்டுத்தான் ஒன்று சேர்ந்தது.

ஆகவே பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள். விதியை மீறியது என்று நிரூபணமானால் மட்டும் செல்லாது என்று எழுதலாம். சேமிப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் ரோல்பேக் செய்துவிட்டு நோடை நிறுத்துங்கள், பிளாக்கின் மேல் பழி போடாதீர்கள்.

அறிகுறி: கமிட் வெற்றி என்றது, மின்சாரம் போய் வந்ததும் கடைசி பிளாக்குகளைக் காணோம்

லெவல்டிபியில் டிஸ்க் சிங்க் (எஃப்சிங்க்) இயல்பாக அணைந்திருக்கும்: ப்ராசஸ் செத்தால் ஒன்றும் போகாது, மெஷினே செத்தால் கடைசிச் சில எழுத்துகள் போகலாம். எஸ்கியூலைட் டபிள்யூஏஎல்லில் சின்க்ரனஸ் நார்மல் என்றாலும் இதே கதை, கடைசி கமிட்டுகள் போகலாம், உடையாது. ஆஃப் என்று வைத்திருந்தால் உடையவும் உடையும். பிளாக்செயினுக்கு ஒரு சலுகை உண்டு, போன பிளாக்கைப் பக்கத்து நோடிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆகவே நார்மல் போதும். ஆனால் வேலிடேட்டர் (பிளாக்குகளுக்குக் கையெழுத்திட்டு ஒப்புதல் தரும் நோடு) தான் எதற்குக் கையெழுத்திட்டது என்று வைத்திருக்கும் டேபிள் அப்படியல்ல. அது தொலைந்தால் ஒரே உயரத்துக்கு இரண்டு கையெழுத்து போட்டுத் தண்டனை வாங்கலாம். அந்த டேபிளில் எழுதும்போது மட்டும் முழு டிஸ்க் சிங்க்.

அறிகுறி: எல்லாம் சரி, முதல் சிங்க் ஆமை வேகம்

பிளாக்குக்கு ஒரு கமிட், கமிட்டுக்கு ஒரு எஃப்சிங்க், ஆகத்தான் செய்யும். முதல் சிங்க்கின்போது மட்டும் நூறோ ஆயிரமோ பிளாக்குகளை ஒரே டிரான்ஸாக்ஷனில் சேர்த்து நுனியைக் கடைசியில் நகர்த்துங்கள், செத்தால் அவ்வளவையும் மறுபடி செய்ய வேண்டும் என்பதுதான் இழப்பு. மெமரி தாங்காத அளவுக்குப் பெருத்தால் இன்னொரு வழி, பிட்காயின் கோர் 0.15-இலிருந்து செய்வது: பெரிய மாற்றத்தைப் பல பேட்ச்சாக உடைத்து, முதல் பேட்ச்சிலேயே "இந்த பிளாக்கிலிருந்து அந்த பிளாக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு குறிப்பு எழுதிவிடும், கடைசி பேட்ச்சில் அதை நீக்கிவிட்டு நுனியை எழுதும். எழும்போது குறிப்பு இருந்தால் இடைப்பட்ட பிளாக்குகளை மறுபடி ஓட்டிச் சரிசெய்துகொள்ளும்.

திருத்தியாயிற்றா என்று எப்படித் தெரியும்

ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு எண்ணி வைத்து, முதல் ஓட்டத்தில் முதலாவதில், அடுத்ததில் இரண்டாவதில் என்று வேண்டுமென்றே ப்ராசஸைக் கொல்லுங்கள். ஒவ்வொரு முறை எழுந்ததும் நுனியிலிருந்து தாய் ஹாஷ் வழியாகப் பின்னால் நடந்து உயர டேபிளோடு ஒப்பிட்டு, இருப்புகளை பிளாக்குகளிலிருந்து புதிதாகக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ரீஆர்க் நடுவிலும் கொல்ல மறக்காதீர்கள். ப்ராசஸைக் கொல்வது மின்வெட்டைச் சோதிக்காது, எழுதியது ஓஎஸ்ஸின் மெமரியில் உயிரோடு இருக்கும், அதற்கு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டி மெஷினையே பட்டென்று அணைக்க வேண்டும். இந்தச் சோதனையின் சிறு வடிவம் ஒன்றை, கடைசிச் சில பிளாக்குகளுக்கு மட்டும், நோடு எழும்போதெல்லாம் ஓடவிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அது தானாக எதையும் திருத்தப் போகாமல், எந்த உயரத்தில் எது இடிக்கிறது என்று எழுதிவிட்டு நிற்கட்டும்.